கடைசி வரிசையின் விலை

ஏழு பேர் போகிற மாதிரி ஒரு கார் வேண்டும் என்று தேடத் தொடங்குகிறவரை விலைப்பட்டியலே முதலில் மலைக்க வைத்துவிடும். 2025 செப்டம்பர் வரிக்குறைப்புக்குப் பிந்தைய ஷோரூம் விலைகளைத் தோராயமாகச் சொல்கிறேன். ரெனால்ட் டிரைபர் ஆறு லட்சத்துக்கும் கீழே தொடங்குகிறது. மாருதி சுசூகி எர்டிகா ஒன்பது லட்சத்தை ஒட்டித் தொடங்கிப் பதின்மூன்று லட்சத்தில் நிற்கிறது. கியா கேரன்ஸ் அதற்கு ஒரு படி மேலே. டொயோட்டா இன்னோவா ஹைகிராஸின் ஹைபிரிட் வகைக்கு 25 லட்சத்துக்கு மேல் எடுத்துவைக்க வேண்டும். கியா கார்னிவல் 60 லட்சத்தை ஒட்டியது. டொயோட்டா வெல்ஃபயர் ஒரு கோடிக்கு மேல். கடைசி இரண்டும் சம்பளக்காரக் குடும்பத்தின் கணக்கிலேயே வராதவை என்பதால் விட்டுவிடுகிறேன். வீடுகளில் உண்மையாகவே மாதக்கணக்கில் பேசப்படும் கேள்வி எர்டிகாவா இன்னோவாவா என்பதுதான். ஹைகிராஸ் ஹைபிரிட் ஒன்றின் விலையில் இரண்டு எர்டிகா வாங்கலாம். அவ்வளவு கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, அது எந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுகிறது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் பணத்தில் பெரும்பகுதி மூன்றாவது வரிசைக்குத்தான் போகிறது. முன்வரிசையில் உட்காருகிறவருக்கு இரண்டு வண்டிகளுக்கும் உள்ள வேறுபாடு விலை வேறுபாட்டின் அளவுக்கு இல்லை. கடைசி வரிசையில் உட்காருகிறவருக்கு அது அப்படியே இருக்கிறது. ஆகவே அந்த வரிசையில் யார், வருடத்தில் எத்தனை நாள், எவ்வளவு தூரம் உட்காரப் போகிறார்கள் என்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நடைமுறையில் ஓட்டுகிறவரின் விருப்பத்தையும் வங்கி தரும் கடனையும் பார்த்தே முடிவாகிறது. கடைசி வரிசைக்காரரிடம் யாரும் கேட்பதில்லை.

இந்த வகை வண்டி நம் சாலைகளுக்கு வந்த வழியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2000இல் டொயோட்டா குவாலிஸ் வந்தது. இந்தோனேசியாவில் கிஜாங் என்ற பெயரில் ஓடிய வண்டியின் இந்திய வடிவம் அது. அங்கும் இங்கும் ஒரே தேவை: தாத்தா பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் ஏற வேண்டும், மேடு பள்ளச் சாலையில் ஓட வேண்டும், உள்ளூர் மெக்கானிக்கால் பார்க்க முடிய வேண்டும். குவாலிஸ் நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே 2005இல் அதை நிறுத்திவிட்டு இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். 2016இல் கிரிஸ்டா. 2022 நவம்பரில் ஹைகிராஸ் அறிமுகமானது. ஒவ்வொரு படியிலும் விலை ஏற ஏற, கீழே ஒரு இடம் காலியானது. 2012 ஏப்ரலில் எர்டிகா அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அதே இடத்துக்கு நிசான் எவாலியா, ஹோண்டா மொபிலியோ, ரெனால்ட் லாட்ஜி, மஹிந்திரா மராசோ எல்லாம் முயன்று பார்த்து விலகிவிட்டன. மராசோவுக்காக எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. குளோபல் என்.கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கிய அந்த வண்டி, நடுத்தர விலையில் பெரியவர்கள் உட்காரத்தக்க ஒரு கடைசி வரிசையையும் தந்தது. வாங்க ஆளில்லாமல் போய்விட்டது.

பெயர்ப் பலகையை நம்பி முடிவெடுக்கிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாருதியும் டொயோட்டாவும் இப்போது வண்டிகளை மாற்றிக்கொள்கின்றன. 2023 ஜூலையில் மாருதி விற்கத் தொடங்கிய இன்விக்டோ, முன்முகம் மாற்றிய ஹைகிராஸ்தான். அடுத்த மாதமே டொயோட்டா விற்கத் தொடங்கிய ரூமியன், முத்திரை மாறிய எர்டிகா. டொயோட்டா கடையில் பதினோரு லட்சத்துக்கு வண்டி எடுத்துவிட்டு "டொயோட்டாவின் உறுதி" என்று ஒருவர் நினைத்தால் அவர் வாங்கியிருப்பது எர்டிகாவின் உறுதியைத்தான். மாருதி கடையில் இன்விக்டோ எடுத்தவர் ஹைகிராஸின் எஞ்சினையும் பேட்டரியையும்தான் ஓட்டுகிறார். சர்வீஸ் மையம் பக்கத்தில் எது இருக்கிறது, எந்த முத்திரைக்கு வண்டி சீக்கிரம் கிடைக்கிறது என்று பார்த்து இந்த இரட்டையர்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். தரத்தைப் பிரிக்கும் கோடு எர்டிகா, ரூமியன் ஒரு பக்கமும் ஹைகிராஸ், இன்விக்டோ மறுபக்கமுமாகப் போகிறது.

இனி கடைசி வரிசைக்கு வருகிறேன். சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் விக்கிரவாண்டி பக்கத்து உணவகங்களில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது. ஒரு சிறிய ஏழு சீட்டர் வந்து நிற்கிறது. முன்வரிசையும் நடுவரிசையும் இறங்கிக் கைகால் நீட்டி நிற்கின்றன. அதன் பிறகு யாரோ ஒருவர் நினைவு வந்து நடு சீட்டை மடக்குகிறார். பின்னாலிருந்து அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா இறங்க வேண்டும். முதலில் கைப்பை வெளியே வருகிறது. ஒரு கையால் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து, மடங்கிய சீட்டுக்கும் கதவுத் தூணுக்கும் நடுவே உள்ள சந்தில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி ஒரு காலை வெளியே விடுகிறார். கால் தரையைத் தேடுகிறது. மகன் கை கொடுக்கிறான். இறங்கியதும் அவர் உடனே நடப்பதில்லை. வண்டியின் மேல் கைவைத்து, முழங்கால் நேராகும்வரை நிற்கிறார்.

அந்த அரை நிமிடத்துக்குக் காரணம் அளவுகளில் இருக்கிறது. எர்டிகாவின் நீளம் சுமார் 4,400 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2,740. ஹைகிராஸின் நீளம் 4,755. சக்கர இடைவெளி 2,850. கிரிஸ்டாவின் நீளமும் ஹைகிராஸை ஒட்டியதுதான். நீளத்தில் முப்பது சொச்சம் சென்டிமீட்டர் என்பது காகிதத்தில் சிறியது. ஏழு பேரின் கால்களுக்கும் டிக்கிக்கும் அதைப் பங்கு போடும்போது நெருக்கடி முழுவதும் கடைசி வரிசையில் வந்து சேருகிறது. சிறிய வண்டிகளில் கடைசி சீட்டின் தரை உயரமாக, இருக்கை தாழ்வாக இருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் மார்பை நோக்கி எழும்பும், தொடை இருக்கையில் படியாது. உடம்பின் எடை முழுவதும் இடுப்பெலும்பில் இறங்கும். பத்து வயதுப் பையனுக்கு இது ஒன்றும் இல்லை. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்டனை.

டிரைபர் இந்த நெருக்கடியின் எல்லை. அதன் நீளம் நான்கு மீட்டருக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே குறைவு. நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு இப்போது ஜி.எஸ்.டி. 18 சதவீதம்; தாண்டினால் 40. அந்தக் கோட்டுக்குள் ஏழு பேரை அடக்கியதில் சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகும் இந்த வண்டியின் வடிவமைப்பாளர்கள் காட்டிய கெட்டிக்காரத்தனம் மெச்சத்தக்கது. கடைசி வரிசை இருக்கைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டால் 625 லிட்டர் டிக்கி கிடைக்கிறது. ஏழு பேரும் ஏறினால் மிஞ்சுவது 84 லிட்டர். இரண்டு முதுகுப்பை வைக்கலாம். ஆகவே இதை எப்போதாவது ஏழாகும் ஐந்து சீட்டர் என்று எண்ணி வாங்குகிறவர் ஏமாற மாட்டார். அப்படிப் பார்த்தால் இந்த விலைக்கு இதைவிடப் பயனுள்ள குடும்ப வண்டி இல்லை என்றே சொல்வேன்.

எர்டிகாவில் ஏழு பேரும் உட்கார்ந்தபின் மிஞ்சும் டிக்கி 209 லிட்டர். ஹைகிராஸில் சுமார் 300. குலதெய்வம் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகும் குடும்பத்தின் பானை, பை, மாற்றுத்துணி எல்லாம் எதிலும் முழுதாக அடங்காது. கேரியர் போட்டு மேலே கட்டுவதுதான் வழக்கம். மேலே ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டியைச் சாய்க்கும் என்பதால் அங்கே துணிப்பைகளை மட்டும் ஏற்றுங்கள். எர்டிகாவில் சி.என்.ஜி. வகை எடுத்தால் சிலிண்டர் டிக்கியில் வந்து உட்கார்ந்துவிடும். கிலோவுக்கு 26 கிலோமீட்டர் என்று நிறுவனம் சொல்லும் மைலேஜுக்காக அதை எடுக்கிறவர்கள் ஏழு பேர் பயணத்தில் பெட்டியை எங்கே வைப்பது என்று முதலிலேயே யோசித்துவிட வேண்டும்.

யார் எங்கே உட்காருவது என்ற கேள்விக்கு நம் வீடுகளில் ஒரு வழக்கமான பதில் உண்டு: பெரியவர்கள் நடுவில், பிள்ளைகள் பின்னால். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இந்த வண்டிகளில் பெரும்பாலும் நடுவரிசையில்தான் இருக்கின்றன. பின்னாலிருந்து லாரி மோதினால் முதலில் நசுங்குவது டிக்கி. சிறிய வண்டிகளில் கடைசி சீட்டில் இருப்பவரின் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு உரிய இடம் நடுவரிசையில், அதற்கான இருக்கையில். இரண்டு குழந்தைகள் இருந்தால் நடுவரிசை அவர்களோடு நிறைந்துவிடுகிறது. அப்படியானால் தாத்தாவும் பாட்டியும் கடைசி வரிசைக்குப் போக வேண்டும். எர்டிகா தடுமாறுவதும் ஹைகிராஸ் தன் விலையை நியாயப்படுத்துவதும் சரியாக இந்த இடத்தில்தான். நடுவில் தனித்தனி கேப்டன் சீட் உள்ள வகையில் இரண்டுக்கும் இடையே நடந்து கடைசி வரிசைக்குப் போய்விடலாம், குழந்தை இருக்கையைக் கழற்ற வேண்டியதில்லை. போனவர்கள் சாய்ந்து உட்காரவும் முடிகிறது. பழைய கிரிஸ்டா இதில் சற்றுப் பின்தங்கியது. அது லாரி போல அடிச்சட்டத்தின் மேல் உடல் ஏற்றிய வண்டி, ஏறும் படி உயரம். ஹைகிராஸின் உடலே சட்டமாகவும் இருப்பதால் தரை தாழ்ந்து, வயதானவர்கள் ஏறுவது எளிதாகியிருக்கிறது.

ஏசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மே மாதத்தில் மூன்றாவது வரிசைக்குக் குளிர்ச்சி வரும் வேகம் வண்டிக்கு வண்டி, வகைக்கு வகை மாறும். விற்பனையாளர் சொல்லி இதைத் தெரிந்துகொள்ள முடியாது. டெஸ்ட் டிரைவை மத்தியான வெயிலில் கேளுங்கள். ஓட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். வீட்டில் அங்கே உட்காரப் போகிறவரையும் கூட்டிப்போங்கள். பத்து நிமிடம் ஊர் சுற்றிக் காட்டி முடித்துவிடப் பார்ப்பார்கள். அரை மணி நேரமாவது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சுமை ஏறும்போது இரண்டு வண்டிகளும் நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஏழு பேரைத் தலைக்கு 70 கிலோ என்று வைத்தால் 490 கிலோ. எர்டிகாவின் சொந்த எடை சுமார் 1,150 கிலோ. ஆக ஏழு பேர் ஏறியதும் அதன் எடை நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. சுமார் 1,650 கிலோ உள்ள ஹைகிராஸ் ஹைபிரிடுக்கு அதே ஆட்கள் முப்பது சதவீதம். எர்டிகாவின் 1.5 லிட்டர் எஞ்சின் 140 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவான இழுவை தருகிறது, அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டிய பிறகு. கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் 1,400 சுற்றிலேயே 343 தந்துவிடுகிறது. சமதளத்தில், நான்கு பேரோடு, இந்த எண்கள் பொருளற்றவை. எர்டிகா சுறுசுறுப்பாகவே ஓடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏழு பேரோடு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி, எஞ்சினை அலறவிட்டு, சில இடங்களில் ஏசியை அணைத்து ஏற வேண்டியிருக்கும். ஏறிவிடும், அதில் ஐயமில்லை. ஓட்டுகிறவர் பழகியிருக்க வேண்டும், அவ்வளவே. இறங்கும்போதுதான் எனக்குக் கவலை அதிகம். முழுச்சுமையோடு பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் எந்த வண்டியானாலும் ஆபத்தில் இருக்கிறார்கள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய டிரைவர் பாடம் இன்றும் சரி.

டிராவல்ஸ்காரர்கள் விலை கூடியும் கிரிஸ்டா டீசலை விடாததற்கு இந்த இழுவையும் அடிச்சட்டமும் காரணம். தினமும் ஏழு பேர், மலைப்பாதை, வருடம் லட்சம் கிலோமீட்டர் என்று ஓடும் தொழிலுக்கு அது கட்டிவரும். சொந்தக்காருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. "டிராவல்ஸ்காரனே அதைத்தான் வாங்குகிறான்" என்ற வாதத்தை வீட்டில் யாராவது எடுத்தால், நம் வண்டி வருடம் எவ்வளவு ஓடும் என்று கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நட்சத்திரங்களைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. 2024இல் குளோபல் என்.கேப், ஆப்பிரிக்கச் சந்தைக்காக இந்தியாவில் தயாரான எர்டிகாவைச் சோதித்து, பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் கொடுத்தது. உடற்கூடு நிலையற்றது என்றும் சொன்னது. 2025 ஜூலையிலிருந்து எர்டிகாவின் எல்லா வகைகளிலும் ஆறு ஏர்பேக் வந்துவிட்டன. நல்ல முன்னேற்றம். ஆனால் ஏர்பேக் எண்ணிக்கையே பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் கேரன்ஸின் கதையைப் பார்க்க வேண்டும். அறிமுகமான நாளிலிருந்து ஆறு ஏர்பேக் கொண்ட அந்த வண்டி, 2024 ஏப்ரலில் வெளியான சோதனை முடிவில் பெரியவர்கள் பாதுகாப்புக்குப் பூஜ்யம் வாங்கியது. மோதலில் பயணிகளைப் பிடித்து நிறுத்தும் அமைப்பைத் திருத்திப் பிறகு தயாரித்த அதே வண்டி மூன்று நட்சத்திரம் வாங்கியது. ஏர்பேக் எண்ணிக்கை அதே ஆறுதான். ஹைகிராஸ் 2025இல் பாரத் என்.கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றது. இதில் விலைக்கேற்ற வேறுபாடு இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. மறைக்கவும் கூடாது.

எனினும் இந்தச் சோதனைகள் எதிலும் கடைசி வரிசையில் பொம்மை வைப்பதில்லை. பெரியவர் பொம்மைகள் முன்னால், குழந்தைப் பொம்மைகள் நடுவில். ஐந்து நட்சத்திர வண்டியின் மூன்றாவது வரிசையைப் பற்றி அந்த நட்சத்திரங்கள் எதுவும் சொல்வதில்லை. அங்கே உட்காருகிறவரைக் காப்பது அவர் போட்டிருக்கும் பெல்ட். டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் இறந்தது விலையுயர்ந்த ஒரு ஜெர்மன் காரின் பின்சீட்டில், பெல்ட் போடாமல். காரின் விலை அவரைக் காப்பாற்றவில்லை. நம் ஊரில் பின்சீட்டு பெல்ட்டுகள் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும் வண்டிகள் எத்தனை! வண்டி வாங்கிய அன்றே கவர் போடுகிற கடையில் நின்று, ஏழு பெல்ட்டின் கொக்கிகளும் வெளியே இருக்கும்படி தைக்கச் சொல்லுங்கள். முப்பது லட்ச ரூபாய் வண்டியிலும் இதைச் செய்யாவிட்டால் பத்து லட்ச ரூபாய் வண்டியில் பெல்ட் போட்டவர் உங்களைவிடப் பத்திரமாகப் போகிறார்.

பணக்கணக்கைத் தமிழ்நாட்டின் சாலை வரியிலிருந்து தொடங்க வேண்டும். 2023 நவம்பரிலிருந்து சொந்த உபயோகக் கார்களுக்கு ஆயுள்வரி ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. பதினொன்றரை லட்சத்து எர்டிகாவுக்கு இரண்டு லட்சத்துச் சொச்சம் வரி. 27 லட்சத்து ஹைகிராஸுக்கு 5.4 லட்சம். இன்சூரன்ஸும் சேர்த்து ஆன்ரோடு என்று பார்த்தால் ஒன்று பதினான்கு லட்சத்தை ஒட்டியும் மற்றது முப்பத்துநான்கு லட்சத்தை ஒட்டியும் வரும். வித்தியாசம் இருபது லட்சம். பத்து லட்சக் கோட்டையும் கவனியுங்கள். 9.9 லட்சத்து வண்டிக்கு வரி 1.29 லட்சம், 10.1 லட்சத்து வண்டிக்கு 1.82 லட்சம். அலாய் வீலுக்காக இருபதாயிரம் கூடுதல் கொடுத்தால் வரியில் மேலும் ஐம்பத்துமூவாயிரம் போகிறது.

கடன் வாங்கினால் தூரம் இன்னும் விரிகிறது. ஒன்பது சதவீத வட்டியில் ஏழு வருடத்துக்குப் பத்து லட்சம் வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,100 ரூபாய். இருபது லட்சத்துக்கு 32,200. ஏழு வருட முடிவில் வட்டியாக மட்டும் முதலாமவர் மூன்றரை லட்சம், இரண்டாமவர் ஏழு லட்சம் கட்டியிருப்பார்.

"ஹைபிரிட் மைலேஜில் எடுத்துவிடலாம்" என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஹைகிராஸுக்கு நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர், எர்டிகாவுக்கு இருபதைத் தாண்டி. சாலையில் இரண்டும் குறையும். ஹைகிராஸ் 17, எர்டிகா 15 என்று வைத்துக்கொள்வோம். வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோல் நூற்றி ஒரு ரூபாய் என்றால், மிச்சம் ஒன்பதாயிரத்து ஐநூறு ரூபாய். பத்து வருடம் ஓட்டினாலும் லட்சம் வராது. அண்ணா சாலை நெரிசலில் தினமும் ஊர்கிறவருக்கு ஹைபிரிட் இன்னும் கொஞ்சம் மிச்சம் பிடித்துத் தரும், பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டியும் உண்டு. இருந்தும் இருபது லட்சத்தை எரிபொருளில் திரும்பப் பெறுவது நடக்காத காரியம். ரீசேலில் வேண்டுமானால் ஒரு பகுதி திரும்பும். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவுக்கும் வீடு தேடி ஆள் வருவது நம் ஊரில் எல்லாரும் அறிந்தது. எர்டிகாவும் இந்த விஷயத்தில் சளைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டயர் மாற்றும் நாளில் வித்தியாசம் மறுபடி தலைகாட்டும்: எர்டிகாவுக்கு 15 அங்குலச் சக்கரம், ஹைகிராஸின் உயர் வகைக்கு 18.

இந்த இருபது லட்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டியது வாடகை வண்டி. குடும்பம் முழுவதும் சேர்ந்து போகும் நீண்ட பயணம் வருடத்துக்கு இரண்டு, தலா ஆயிரம் கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு இருபது ரூபாய் வீதம் இன்னோவா எடுத்தாலும் நாற்பதாயிரம். டிரைவர் பேட்டா, டோல் சேர்த்து ஐம்பதாயிரம். பத்து வருடத்துக்கு ஐந்து லட்சம். டிரைவர் கூடவே வருவதால் வீட்டுக்காரரும் பயணத்தில் தூங்கலாம். நான்கு பேர் தினசரி போகும் குடும்பம், அப்பா அம்மாவோடு வருடத்துக்கு இரண்டு முறை சொந்த ஊர் போவதற்காக மட்டும் முப்பத்துநான்கு லட்சம் போடுவதை என்னால் நியாயம் என்று சொல்ல முடியவில்லை. "சொந்த வண்டியில் போகிற மாதிரி வருமா" என்பார்கள். வராதுதான். அந்த உணர்வுக்குப் பதினைந்து லட்சம் கொடுக்கலாமா என்பதைத் தவணை கட்டுகிறவர் முடிவு செய்யட்டும்.

எந்தக் குடும்பம் இன்னோவாதான் வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், கூட்டுக்குடும்பமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள், மாதம் ஒருமுறையாவது ஆறேழு பேராக நெடுஞ்சாலை ஏறுகிறவர்கள், டயாலிசிஸ் போன்ற சிகிச்சைக்குப் பெரியவரை வாரந்தோறும் வெளியூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறவர்கள் என்று சொல்வேன். இவர்கள் தவணைக்குப் பயந்து சிறிய வண்டி எடுத்தால் அந்த வண்டி வீட்டில் நிற்கும், பெரியவர் பயணத்தைத் தவிர்க்கத் தொடங்குவார். "நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொல்வதற்குக் காரணம் முழங்கால் என்பது பிள்ளைகளுக்குப் பல நேரம் புரிவதே இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது: நான்கைந்து வருடம் ஓடிய கிரிஸ்டா. அதில் ஏமாற்று வேலையும் நிறைய. வாடகைக்கு ஓடிய வண்டியைச் சொந்த போர்டுக்கு மாற்றி, மீட்டரைக் குறைத்து, சீட் கவர் மாற்றி "டாக்டர் வச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர்" என்று விற்பார்கள். பதிவுச் சான்றில் வண்டியின் வகை எப்போதாவது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி சர்வீஸ் மையத்தில் வண்டி எண்ணைக் கொடுத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டரைக் கேட்டு வாங்குங்கள். டிரைவர் சீட்டின் ஓரத் தேய்மானம், ஸ்டியரிங்கின் பளபளப்பு, கிளட்ச் பெடல் ரப்பர் மூன்றும் மீட்டரை விட உண்மை பேசும். கடைசியாகப் பின்வரிசைப் பெல்ட்டை முழுதும் இழுத்து நீட்டிப் பாருங்கள். தினமும் ஏழு பேரை ஏற்றிய வண்டியில் அதன் நாடா நைந்திருக்கும். குடும்ப வண்டியில் புதிதாகவே இருக்கும்.